பதக்கம் சூட்ட யார் வருவார்?
பிலிப்பைன்ஸ் தேசத்தில் ஒரு ஜூன் மாதம்

பசிபிக் மகா சமுத்திரத்தின் மேற்கு ஓரத்தில் 7,641 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் தேசம் பிலிப்பைன்ஸ். 2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கே வாழும் ஜனங்கள் ஏறத்தாழ 10 கோடியே 90 லட்சம். ஆசியாவில் கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக வாழும் மிகச் சில தேசங்களில் அதுவும் ஒன்று. நூற்றுக்கு 79 பேர் ரோமன் கத்தோலிக்கர். ஆறு பேருக்குச் சற்று அதிகமானோர் இஸ்லாமியர். நம்மைப்போன்ற பெந்தெகொஸ்தே விசுவாசிகள் அங்கும் சிறுபான்மையினரே.

அத்தேசத்தின் தெற்கே இருக்கும் பெருந்தீவு மின்டனாவோ. அதன் பெரிய நகரம் டாவோ. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இவ்வூரின் பெயர் புதிதல்ல. மருத்துவம் படிக்க அங்கே சென்றிருக்கும் இந்திய மாணவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் அநேகர். என் அக்காள் மகன் அவர்களில் ஒருவன். 2025 ஜூன் மாதத்தில் அக்காளோடு அவனைக் காணச் சென்று மூன்று வாரம் அங்கே தங்கியிருக்கக் கர்த்தர் கிருபை செய்தார்.

டாவோ கடலோர நகரம். மேற்கே அப்போ மலை 2,954 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. தேசத்திலேயே உயர்ந்த சிகரம் அதுவே. தெருக்களில் ஜீப்னி என்னும் வண்டிகள் ஓடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்க இராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, எதிரெதிராக இருக்கை அமைத்து, பளிச்சென்று வண்ணம் தீட்டி உருவாக்கிய வாகனம் அது. நம் பயணத்தைத் தேவன் ஆசீர்வதிப்பாராக என்னும் பொருள்பட எழுதப்பட்ட வாசகத்தைப் பல வண்டிகளின் முகப்பில் கண்டேன்.

மருமகன் ஆராதனைக்குச் செல்லும் சிறிய சபையில்தான் அந்த மாணவியைச் சந்தித்தேன். பத்தாம் வகுப்புக்குள் நுழைய இருந்தாள். பாட்டியோடு வசிக்கிறாள். தாய் எட்டு ஆண்டுகளாக ஹாங்காங்கில் ஒரு வீட்டில் வேலை செய்கிறார். சித்தி, பெரியம்மா, அத்தை என்று நாம் பிரித்து அழைக்கும் உறவுகளையெல்லாம் அவர்கள் ‘தீத்தா’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். முதல் நாளே நானும் அவளுக்குத் தீத்தா ஆனேன். பெரியவர்களைக் கண்டால் அவர்களது கையைப் பற்றித் தன் நெற்றியில் ஒற்றிக்கொள்வது அத்தேசத்துப் பிள்ளைகளின் வழக்கம். ‘மானோ’ என்று அதற்குப் பெயர். அவ்வாறே என் கையையும் ஒற்றிக்கொண்டாள். தன் பள்ளியையும் ஊரையும் தேசத்துத் திருநாள்களையும் பற்றி அவள் பகிர்ந்துகொண்டவற்றை, நகரங்களில் குடியேறி வாழும் நம் சபைக் குடும்பங்கள் அறிவது பயனுள்ளது என்று எண்ணியே இதை எழுதுகிறேன்.

படகு என்னும் ஊர்

பிலிப்பைன்ஸில் அரசாங்கத்தின் மிகச் சிறிய அலகு ‘பாரங்காய்’. நம் நாட்டின் கிராமப் பஞ்சாயத்து அல்லது நகரத்து வார்டு போன்றது. தேசம் முழுவதும் 42,000-க்கும் அதிகமான பாரங்காய்கள் உள்ளன. இச்சொல்லின் பிறப்பை அந்த மாணவியே எனக்கு விளக்கினாள். பூர்வ காலத்தில் மரப்பலகைகளை இணைத்துச் செய்த படகுக்கு ‘பலங்காய்’ என்று பெயர். உறவும் சுற்றமுமாக ஒரே படகில் வந்திறங்கியவர்கள் கரையில் ஒன்றாகக் குடியிருந்தார்கள். படகின் பெயரே ஊரின் பெயராயிற்று என்பர். மின்டனாவோவின் வடபகுதியிலுள்ள புத்துவான் நகரில் 1976-ஆம் ஆண்டு இத்தகைய பழம்படகுகள் மண்ணுக்கடியிலிருந்து கண்டெடுக்கப்பட்டன.

“நாங்கள் எல்லாருமே படகில் வந்தவர்கள், தீத்தா. அதனால் வந்தவர், இருந்தவர் என்று எங்கள் பாட்டி பிரித்துப் பேச விடமாட்டார்” என்றாள் அவள்.

பழங்காலத்தில் ஒரு குடும்பம் இடம் மாறவேண்டுமானால், ஓலைக்கூரை வேய்ந்த வீட்டையே மூங்கில் கழிகளின்மேல் ஏற்றி, ஊரார் தோள்கொடுத்துச் சுமந்து செல்வார்களாம். ‘பயனிஹான்’ என்று அதற்குப் பெயர். இன்று காங்கிரீட் வீடுகளைச் சுமக்க முடியாது. ஆயினும் அச்சொல் அழியவில்லை. வெள்ளம் வந்தாலும், நிலம் அதிர்ந்தாலும், பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தாலும் அச்சொல்லையே சொல்லி ஜனங்களைக் கூட்டுகிறார்கள்.

துடைப்பத்தோடு வந்த பெற்றோர்

கொரோனா கொள்ளைநோய்க்கு முன்பு அங்கே பள்ளிகள் ஜூன் மாதத்தில் திறப்பதே வழக்கம். 2020 மார்ச் மாதம் மூடப்பட்ட வகுப்பறைகள், 2021 நவம்பரில்தான் சில பள்ளிகளில் மட்டும் மெல்லத் திறந்தன. கல்வியாண்டின் தொடக்கமும் அக்டோபர், செப்டம்பர், ஆகஸ்ட் என்று மாறி மாறி, 2025-இல் மறுபடியும் ஜூன் மாதத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டு பள்ளி திறந்த நாள் ஜூன் 16.

அதற்கு முந்திய வாரம் ‘பிரிகாடா எஸ்குவேலா’. பள்ளிப் படை என்று தமிழில் சொல்லலாம். 2003-ஆம் ஆண்டு கல்வித்துறை தொடங்கிய ஏற்பாடு இது. பெற்றோர், அண்டை வீட்டார், பழைய மாணவர், காவல்துறையினர், சபையார் எனப் பலரும் அரசுப் பள்ளிக்கு வந்து கூலியின்றி வேலை செய்கிறார்கள். நான் அவளோடு சென்ற அன்று, ஒரு தகப்பனார் மேசையின் உடைந்த காலுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். முக்காடிட்ட இஸ்லாமியத் தாய்மார் இருவர் சன்னல் கம்பிகளைத் துடைத்தார்கள். மாணவியின் பாட்டி ஒரு வாளியும் துடைப்பமும் கொண்டுவந்து, பேத்தி உட்காரப்போகும் வகுப்பறையின் வாசலை மட்டும் கழுவிவிட்டு, முழங்கால் வலியால் ஓரமாக அமர்ந்துகொண்டார்.

எனக்கு நெகேமியாவின் புத்தகம் நினைவுக்கு வந்தது. எருசலேமின் அலங்கத்தைக் கட்டினபோது பலர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியையே எடுத்துக் கட்டினார்கள் (நெகேமியா 3:28). முழு மதிலையும் ஒருவர் கட்டவில்லை. அவரவர் வாசல் அவரவர் பங்கு.

“அம்மா இங்கே இருந்தபோது அவர்தான் வருவார். இப்போது பாட்டி வருகிறார். யாராவது ஒருவர் வந்தால், இது என் வகுப்பு என்று எனக்குத் தோன்றும். ஒருவரும் வராத பிள்ளைகள் முதல் நாளில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள்” என்றாள் அவள். அந்த வார்த்தை என் உள்ளத்தில் தைத்தது.

ஜூன் 12

ஸ்பெயின் தேசத்தார் 300 ஆண்டுகளுக்கும் மேலாக அத்தீவுகளை ஆண்டார்கள். 1898 ஜூன் 12 அன்று, காவீத்தே மாகாணத்தின் காவித் என்னும் ஊரில், எமிலியோ அகினால்தோவின் வீட்டுச் சாளரத்திலிருந்து சுதந்தரப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. ஹூலியான் பெலிப்பே என்பவர் இயற்றிய இசையை வாத்தியக் குழுவினர் வாசித்தார்கள். அப்பொழுது அதற்குச் சொற்கள் இல்லை. மறு ஆண்டு ஹோசே பால்மா எழுதிய கவிதையே பின்னர் அவ்விசையோடு சேர்ந்து தேசிய கீதமாயிற்று.

ஆனால் அந்தச் சுதந்தரம் நிலைக்கவில்லை. அதே 1898 டிசம்பரில் ஸ்பெயின் அத்தீவுகளை இரண்டு கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் ஒப்புக்கொடுத்தது. அமெரிக்கர் ஆட்சி, நடுவே ஜப்பானியரின் கொடிய ஆக்கிரமிப்பு என்று காலம் கடந்து, 1946 ஜூலை 4 அன்று அமெரிக்கா விடுதலை அளித்தது. அதன்பின் 16 ஆண்டுகள் ஜூலை 4-ஐயே சுதந்தர தினமாகக் கொண்டாடினார்கள். 1962-இல் ஜனாதிபதி தியோஸ்தாதோ மகபகால் அதை ஜூன் 12-க்கு மாற்றினார். பிறர் கொடுத்த நாளைவிட, தங்கள் முன்னோர் கேட்ட நாளே தங்களுக்குத் திருநாள் என்பது அம்மாற்றத்தின் கருத்து.

மே 28 முதல் ஜூன் 12 வரை வீடுகளிலும் அலுவலகங்களிலும் கொடி பறக்கிறது. நீலம், சிவப்பு, வெள்ளை முக்கோணம், எட்டுக் கதிருள்ள சூரியன், மூன்று நட்சத்திரம். சமாதான காலத்தில் நீலம் மேலே இருக்கும். யுத்த காலத்தில் சிவப்பு மேலே வரும்படி அதே கொடியைத் தலைகீழாக ஏற்றுவார்கள். ஆகையால் அங்கே கொடி ஏற்றுகிறவன் ஒவ்வொரு முறையும் கவனித்தே ஏற்றவேண்டும்.

அவ்வாண்டு ஜூன் 12 வியாழக்கிழமை வந்தது. விடுமுறை நாளானாலும், காலையில் பாரங்காய் மண்டபத்தின் முன்பு ஜனங்கள் கூடியிருந்தார்கள். வலது கையை மார்பின்மேல் வைத்துப் பாடினார்கள். பாட்டு முடிந்தவுடன் ஒருவர் பெரிய பாத்திரத்தில் அரிசிக் கஞ்சி கொண்டுவந்தார். தேசபக்தி அங்கே பசியோடு திரும்பிப்போவதில்லை.

திங்கட்கிழமைக் காலை

ஜூன் 16 திங்கட்கிழமை பள்ளி திறந்தது. வாசலுக்கு வெளியே பாட்டியோடு நானும் நின்றிருந்தேன். முதலில் ஜெபம், பின்பு தேசிய கீதம், பின்பு ‘பனாதாங் மகபயான்’ என்னும் தேசப்பற்று உறுதிமொழி. அவள் பாடுகிறாள் என்பது கம்பிக்கதவுக்கு வெளியிலிருந்தே தெரிந்தது.

அவ்வரிசையில் ஒரு சிறுவன் பாடாமல் நேராக நிற்பதையும் கண்டேன். மாலையில் அவளிடம் விசாரித்தபோது, “அவன் யெகோவாவின் சாட்சிகள் கூட்டத்தைச் சேர்ந்தவன். கொடிக்கு வணக்கம் செலுத்துவதில்லை. ஆனால் நாங்கள் பாடி முடிக்கும்வரை அசையமாட்டான்” என்றாள்.

அக்கூட்டத்தாரின் உபதேசம் நமக்கு உடன்பாடானதல்ல. ஆயினும் இக்காரியத்தின் வரலாறு நாம் அறியத்தக்கது. எல்லாப் பள்ளிகளிலும் கொடி வணக்கம் கட்டாயம் என்று 1955-இல் அங்கே சட்டம் இயற்றப்பட்டது. 1959-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பின்னர் செபூ மாகாணத்தில் அநேகப் பிள்ளைகள் வணக்கம் செலுத்தாததற்காகப் பள்ளியைவிட்டு நீக்கப்பட்டார்கள். 1993 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை மாற்றி, மரியாதையோடு அமைதியாக நிற்கும் பிள்ளையை மனச்சாட்சியின் நிமித்தம் பள்ளியைவிட்டு நீக்கலாகாது என்று தீர்ப்பளித்தது. நம் இந்தியாவிலும், தேசிய கீதத்தைப் பாடாமல் மரியாதையோடு எழுந்து நின்ற கேரளத்துப் பிள்ளைகள் மூவருக்கு ஆதரவாக 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியிருக்கிறது.

நம் மாணவி மனதாரப் பாடுகிறாள். ஆனால் அவளுக்கும் தன் எல்லை தெரியும். கத்தோலிக்கப் பெரும்பான்மையுள்ள ஊர்களில், பாதுகாவலராகக் கருதப்படும் புனிதரின் திருநாளை ‘பியெஸ்தா’ என்று விமரிசையாகக் கொண்டாடுவர். சுரூபத்தைச் சுமந்து ஊர்வலம் போவர். அவள் வீட்டார் ஊர்வலத்தில் கலந்துகொள்வதில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டி அரிசிப் பணியாரம் செய்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்தனுப்புவாராம். “ஊர்வலத்துக்கு வராததற்கு அவர்கள் கோபிக்கலாம்; பணியாரம் வராவிட்டால்தான் வருத்தப்படுவார்கள் என்று பாட்டி சொல்வார்” என்று சிரித்தாள். பாபிலோனின் அரண்மனையில் தானியேல் தன் தீர்மானத்தைக் காத்துக்கொண்டதும், மேற்பார்வையாளனிடம் பணிவோடு பேசி அவன் தயவைப் பெற்றதும் ஒரே அதிகாரத்தில்தான் எழுதியிருக்கிறது (தானியேல் 1).

அத்தேசத்து நாட்காட்டியில் பலருக்கும் இடமுண்டு. ரம்ஜான் பெருநாள் 2002-ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய விடுமுறையானது. ஜனவரி மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை தேசிய வேதாகம தினமாக 2018-ஆம் ஆண்டின் சட்டம் அறிவித்திருக்கிறது.

வீட்டு மொழியும் பள்ளி மொழியும்

டாவோவில் வீடுகளில் பேசப்படுவது பெரும்பாலும் செபுவானோ. ‘பிசாயா’ என்றும் சொல்வர். பள்ளியில் தேசிய மொழியாகிய பிலிப்பினோ, அத்துடன் ஆங்கிலம். பிலிப்பினோவோ மணிலாப் பகுதியின் தகாலோக் மொழியை அடிப்படையாகக் கொண்டது. ஆகவே அப்பிள்ளைகளுக்குத் தங்கள் தேசிய மொழியும் கற்றுக்கொண்ட மொழியே. மும்பையிலும் டெல்லியிலும் வளரும் நம் பிள்ளைகள் வீட்டில் ஒன்று, வீதியில் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று மூன்று மொழிகளுக்குள் வாழ்வதை இது நினைப்பூட்டவில்லையா?

ஆகஸ்ட் மாதம் அங்கே மொழி மாதம். தேசிய மொழியின் தந்தை எனப்படும் ஜனாதிபதி மனுவேல் கேசோனின் பிறந்தநாள் ஆகஸ்ட் 19. அம்மாதத்தில் பள்ளிப் பிள்ளைகள் பாரம்பரிய உடை அணிந்து, கவிதை சொல்லி, நாட்டுப்புற நடனம் ஆடுகிறார்கள். அதே ஆகஸ்டில் டாவோவில் ‘கதாயாவான்’ என்னும் அறுவடை நன்றித் திருவிழாவும் வருகிறது. மின்டனாவோவின் பழங்குடியாரும் இஸ்லாமிய இனத்தாருமாகப் பதினொரு இனங்களை அவ்விழா முன்னிறுத்துகிறது.

மூன்றாம் வகுப்புவரை தாய்மொழியில் கற்பிக்கும் ஏற்பாடு 2013-ஆம் ஆண்டின் கல்விச் சட்டத்தில் இடம்பெற்றது. இம்மாணவியும் அவ்வாறே பிசாயாவில் எழுத்துக் கற்றாள். 2024 அக்டோபரில் வந்த புதிய சட்டம் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டது. இனி வரும் பிள்ளைகளுக்கு வீட்டு மொழியைக் காக்கும் பொறுப்பு பெரிதும் வீட்டின்மேலேயே விழும்.

“பரீட்சை ஆங்கிலத்தில் எழுதுவேன். கவிதை பிலிப்பினோவில் சொல்வேன். பயம் வந்தால் பிசாயாவில்தான் ஜெபிப்பேன். அம்மா தொலைபேசியில் என்னோடு ஜெபிப்பதும் அந்த மொழியில்தான்” என்றாள்.

பதக்கம்

அத்தேசத்துப் பள்ளிகளில் ஒரு வழக்கம் உண்டு. கல்வியாண்டின் முடிவில், நன்றாகப் படித்த பிள்ளைகளைப் பாராட்டும் நாளில், பிள்ளை மேடைக்குத் தனியே போவதில்லை. பெற்றோரில் ஒருவர் உடன் ஏறுவார். ஆசிரியர் பதக்கத்தைப் பெற்றோரின் கையில் கொடுப்பார். அவர்தான் பிள்ளைக்கு அணிவிப்பார். பின்பு இருவருமாக நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வார்கள். ஏழை வீடுகளிலும் அப்படங்கள் சட்டமிட்டுச் சுவரில் தொங்குகின்றன.

இங்கேதான் அத்தேசத்தின் பெரிய நோவு வெளிப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 21 லட்சம் பிலிப்பினோக்கள் அயல்நாடுகளில் வேலை செய்ததாக அரசாங்கத்தின் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். 2024-இல் அயல்நாடுகளில் வாழும் பிலிப்பினோக்கள் வங்கிகள் வழியாக வீட்டுக்கு அனுப்பிய பணம் மாத்திரம் 3,400 கோடி டாலருக்கும் மேல். 1988-இல் ஜனாதிபதி கொரசோன் அக்கினோ அவர்களைத் தேசத்தின் புதிய வீரர்கள் என்று புகழ்ந்தார். ஜூன் 7 அங்கே குடிபெயர்ந்த தொழிலாளர் தினம்; அவர்களைக் காக்கும் சட்டம் 1995-இல் கையெழுத்தான நாள் அது. பெரிய அட்டைப்பெட்டிகளில் சோப்பும் சாக்லேட்டும் காலணியும் நிரப்பி அவர்கள் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். ‘பாலிக்பயான்’ பெட்டி என்று அதற்குப் பெயர். தாய் ஊர் திரும்பாத வருஷத்திலும் பெட்டி திரும்பி வந்துவிடுகிறது.

அம்மாணவியின் வீட்டிலும் சுவரில் படங்கள் இருந்தன. மூன்று படங்களில் பாட்டி நிற்கிறார். கடைசிப் படத்தில், 2025 ஏப்ரல் மாதத்தில் எடுத்ததில், வேறொரு பெண்மணி நிற்கிறார். அவர் யார் என்று கேட்டேன்.

“எங்கள் சபையின் ஞாயிறு பள்ளி ஆசிரியை. பாட்டியால் மேடைப்படி ஏற முடியவில்லை. அம்மாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நான் போகவேண்டாம் என்றே இருந்தேன். அவர் தம் கடையை அரைநாள் அடைத்துவிட்டு, நல்ல உடை உடுத்திக்கொண்டு வந்து நின்றார். மேடையில் எனக்குப் பதக்கம் அணிவித்தபின், இது உன் அம்மாவின் கை என்று காதில் சொன்னார். அதை அம்மா கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்.”

சற்று நேரம் அமைதியாக இருந்துவிட்டு அவள் மேலும் சொன்னாள்: “பள்ளி விழாக்களில் எங்கள் அம்மாக்களைப் புதிய வீரர்கள் என்று சொல்லும்போது எல்லாரும் கைதட்டுவோம். எனக்கும் பெருமைதான். கைதட்டி முடித்து வீட்டுக்குப் போகும்போது கதவைத் திறக்க யாராவது இருக்கவேண்டும், தீத்தா. அவ்வளவுதான்.”

பத்தாம் வகுப்பில் அவர்கள் ஹோசே ரிசாலின் ‘எல் பிலிபுஸ்தெரிஸ்மோ’ நாவலைப் பயில்கிறார்கள்; ஒன்பதாம் வகுப்பில் ‘நோலி மெ தாங்கெரே’. 1956-ஆம் ஆண்டின் சட்டம் அத்தேசத்து வீரராகிய ரிசாலின் வாழ்க்கையையும் நூல்களையும் பாடமாக்கியது. அயல்நாட்டில் வாழ்ந்தபடி அந்நாவல்களை எழுதிய அவர், பின்பு நான்கு ஆண்டுகள் மின்டனாவோவின் தபித்தான் என்னும் ஊரில் நாடுகடத்தப்பட்டிருந்தார். அங்கே சும்மா இராமல் சிறுவர்களுக்குப் பள்ளி நடத்தினார். நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்தார். 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 35. அந்த நாள் இன்று தேசிய விடுமுறை. “ரிசாலைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் பதில் தெரியும். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அவருடைய அம்மா என்பது எனக்கு அதிகமாக நினைவிருக்கும்” என்றாள் மாணவி.

சபையின் நோட்டுப் புத்தகம்

அந்த ஞாயிறு பள்ளி ஆசிரியையை நான் பிறகு சந்தித்தேன். அவர் செய்தது ஒருநாள் உதவியல்ல என்பது அப்பொழுது தெரிந்தது. அச்சபையில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். பெற்றோரில் ஒருவரோ இருவருமோ தூர தேசத்தில் இருக்கும் பிள்ளைகளின் பெயர்கள் அதில் எழுதப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சபையார் ஒருவரின் பெயர். பள்ளியில் பெற்றோர் கூட்டம், கொடி நாள், மொழி மாத விழா, பாராட்டு விழா என்று எது வந்தாலும், அந்தச் சபையார் போய் நிற்கவேண்டும். அயல்நாட்டிலுள்ள தாய்க்கோ தகப்பனுக்கோ முன்னதாகத் தகவல் சொல்லி, அவர்களது சம்மதத்தோடே போகிறார்கள்.

“தாயின் இடத்தைப் பிடிக்க நாங்கள் போவதில்லை. அந்த இடத்தைக் காலியில்லாமல் காத்து வைக்கிறோம். அவர் திரும்பி வரும்போது பிள்ளை அவரை அறிந்திருக்கவேண்டும் அல்லவா?” என்றார் அவர்.

தாயும் தகப்பனும் இல்லாத எஸ்தரை மொர்தெகாய் தன் குமாரத்தியாக வளர்த்தார் (எஸ்தர் 2:7). அரண்மனைக்குள் அவள் போனபின்பும், அவளது சுகசெய்தியை அறிய முற்றத்துக்கு முன்பாக நாள்தோறும் உலாவினார் (எஸ்தர் 2:11). தீமோத்தேயுவுக்குப் பாட்டி லோவிசாள் இருந்தாள் (2 தீமோத்தேயு 1:5). நம் ஆண்டவரோ சிலுவையின் பாடுகளின் நடுவிலும், தம் தாயின் அருகே நிற்க ஒருவரை நியமித்தார் (யோவான் 19:26,27). உடன் நிற்பவரை ஏற்படுத்துவது தேவனுடைய வழி.

நம் நகரங்களில்

பிரியமானவர்களே, நம் சபைகளிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் இல்லையா? தகப்பன் வளைகுடா நாட்டில். அல்லது கட்டட வேலைக்காக வேறு மாநிலத்தில். தாய் காலை ஐந்து மணிக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டு இருட்டியபின் திரும்புகிறார். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்படி பள்ளியிலிருந்து சீட்டு வருகிறது. இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும் அச்சீட்டை வாசிக்கத் தெரியாமல் தாய் அதை மடித்துச் சமையல் டப்பாவுக்கு அடியில் வைக்கிறார். நாள் கடந்துபோகிறது. ஆகஸ்ட் 15 அன்று பிள்ளை கொடியைப் பிடித்து நடக்கிறது. கூட்டத்தில் தனக்கென்று ஒரு முகத்தைத் தேடுகிறது.

சிறைப்பட்டுப் போயிருந்த நகரத்தின் சமாதானத்தைத் தேடும்படி தீர்க்கதரிசி எழுதினார் (எரேமியா 29:7). நாம் குடியேறிய நகரத்துக்காக உபவாசித்து ஜெபிக்கிறோம். அந்நகரத்தின் பள்ளி வாசலில் நம் பிள்ளைக்காக ஒரு மணி நேரம் நிற்பதும் அந்தச் சமாதானத்தைத் தேடுவதே. அங்கே நிற்கும்போது ஆசிரியர் நம்மை அறிவார். அண்டை வீட்டார் அறிவார். நாமும் அவர்களை அறிவோம்.

இதற்குப் பெரிய நிதி வேண்டாம். புதிய கட்டடமும் வேண்டாம். வாலிபர் சங்கத்தில் பள்ளி மொழி தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். சகோதரிகள் ஐக்கியத்தில் பகலில் வீட்டிலிருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். பணி ஓய்வு பெற்ற மூப்பர்கள் இருக்கிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் பிள்ளையின் பெயர். வலப்பக்கம் உடன் நிற்பவரின் பெயர். பெற்றோரின் சம்மதமும், பள்ளிக்குக் கொடுக்க அவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் அவசியம். பிள்ளைகளின் பாதுகாப்பை முன்னிட்டு, சபையார் நன்கறிந்த நம்பிக்கைக்குரியவர்களையே போதகர் நியமிக்கவேண்டும்.

நான் புறப்படும் வாரத்தில் அம்மாணவியின் தாய்க்கு 2026-இல் இரண்டு வார விடுப்புக் கிடைக்கும் என்னும் செய்தி வந்தது. எந்த மாதம் என்று இன்னும் முடிவாகவில்லை. பாராட்டு விழாவின் நாளோடு அது பொருந்தவேண்டும் என்று சபையார் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிறு பள்ளி ஆசிரியையும் அதே ஜெபத்தைச் செய்தார். ஆனாலும் நோட்டுப் புத்தகத்தில் மாணவியின் பெயருக்கு எதிரே இருந்த தம் பெயரை அவர் அடிக்கவில்லை.

இதை வாசிக்கும் அன்புச் சகோதரரே, சகோதரியே, உங்கள் சபையின் ஞாயிறு பள்ளி வருகைப் பதிவேட்டை இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெற்றோர் தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று ஜெபத்தோடு எண்ணிப் பாருங்கள். அடுத்த பள்ளி விழாவில் அவர்களுக்குப் பதக்கம் சூட்ட யார் வருவார் என்று போதகரிடம் கேளுங்கள். அநாதைகளுக்குத் தகப்பனாகிய தேவன், பிறர் பிள்ளையின் அருகே நிற்கும் கால்களைப் பெலப்படுத்துவாராக. ஆமென்.